ஓய்வுபெற்ற சம்பியன் மீண்டும் வெல்வாரா?

2025ஆம் ஆண்டு ஜனவரியில் துபாயில் நடைபெற்ற 24 மணிநேரக் காரோட்டப் போட்டியில், நடிகர் அஜித் குமாரின் அணி தனது பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. அப்போது அவருக்கு வயது 53. இச்செய்தி வந்தபோது மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "சேர், வயசு போனா கார் ரேஸ் ஓட ஏலாதா? முந்திச் சம்பியனா இருந்த ஒருத்தர் திரும்பி வந்தா இப்ப உள்ளவங்கள வெல்லுவாரா?"

இது வெறும் விளையாட்டுக் கேள்வி அன்று. க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞானத்தில் நீங்கள் கற்கும் இயைபாக்கம், இயக்கம், விசை, பரிசோதனை முறை ஆகிய நான்கும் இதற்குள் இருக்கின்றன. அஜித் உலகச் சம்பியனாக இருந்தவர் அல்லர். ஆகையால் உலகச் சம்பியனாக இருந்து, ஓய்வுபெற்று, பின்னர் மீண்டும் வந்த ஒருவரை எடுத்து நோக்குவோம்.

ஜேர்மனியைச் சேர்ந்த மைக்கல் ஷூமாக்கர் 1969ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி பிறந்தவர். போர்முலா 1 போட்டிகளில் 1994, 1995 ஆகிய ஆண்டுகளிலும் பின்னர் 2000 முதல் 2004 வரை தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகளிலும் உலகச் சம்பியனானார். மொத்தம் ஏழு பட்டங்கள், 91 வெற்றிகள். 2006ஆம் ஆண்டின் இறுதியில் 37 வயதில் ஓய்வுபெற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2010இல், 41 வயதில் மெர்சிடிஸ் அணியின் ஓட்டுநராக மீண்டும் களமிறங்கினார். 2012 வரை 58 போட்டிகளில் ஓடினார். அவற்றில் ஒன்றையேனும் அவர் வெல்லவில்லை. 2012 ஜூன் மாதம் ஸ்பெயினின் வலென்சியாவில் பெற்ற மூன்றாம் இடமே அவருடைய மிகச் சிறந்த பெறுபேறு ஆகும்.

"அப்படியானால் வயது அவரைத் தோற்கடித்துவிட்டது" என்று உடனே முடிவுக்கு வரலாம். பெரும்பாலானோர் அவ்வாறுதான் கூறினர். ஆனால் இம்முடிவை ஏற்க முன்னர் ஒன்றைக் கேட்க வேண்டும். ஷூமாக்கர் பழைய பெராரி காரிலா ஓடினார்? இல்லை. கார் வேறு, டயர் வேறு, விதிகள் வேறு, எதிராளிகளும் வேறு. பரிசோதனையொன்றில் ஒரேயடியாக நான்கு மாறிகளை மாற்றிவிட்டு, பெறுபேற்றுக்குக் காரணம் அவற்றுள் ஒன்றே என்று எழுதினால் உங்களுக்குப் புள்ளி கிடைக்குமா? கிடைக்காது. இங்கும் அப்படித்தான்.

போர்முலா 1 போட்டியில் ஒருவர் பெறும் இடம் அவரின் திறமையை மட்டும் காட்டுவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா 1 போட்டியில் பங்குபற்றிய முதலாவது இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் அவர் நான்காம் இடத்தைப் பெற்றார். நல்ல பெறுபேறுதான். ஆயினும் அன்று டயர்களின் பாதுகாப்புப் பற்றிய பிரச்சினையால் மிச்சலின் டயர் பயன்படுத்திய அணிகள் அனைத்தும் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டுமே ஓடின. ஆறு பேரில் நான்காமிடம் என்பதையும் இருபது பேரில் நான்காமிடம் என்பதையும் ஒன்றாக எடுக்க முடியாது. கார்த்திகேயனை இது குறைத்துக் கூறுவதாகாது. கிடைத்த மெதுவான காரைக் கடைசிவரை பிழையின்றிக் கொண்டு சென்றதும் ஒரு திறமையே.

அவ்வாறெனில் ஓட்டுநரின் திறமையை மட்டும் எவ்வாறு அளப்பது? இங்கே போர்முலா 1 நமக்கு ஒரு வசதியைத் தந்துள்ளது. ஓர் அணிக்கு இரண்டு கார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஒன்றில் ஒருவர், மற்றதில் இன்னொருவர். அதாவது கார் கட்டுப்படுத்தப்பட்ட மாறியாகிவிடுகின்றது. ஓட்டுநர் மட்டுமே மாறுகின்றார். எனவே ஓய்விலிருந்து வந்தவரை உலகம் முழுவதோடும் ஒப்பிடாமல், அவருடைய சொந்த அணியின் மற்ற ஓட்டுநரோடு ஒப்பிடுவதே நேர்மையான சோதனை ஆகும்.

ஷூமாக்கரின் அணித் தோழர் நிக்கோ ரொஸ்பேர்க். 1985இல் பிறந்தவர், ஷூமாக்கரிலும் 16 வயது இளையவர். 2010இல் ரொஸ்பேர்க் 142 புள்ளிகளும் ஷூமாக்கர் 72 புள்ளிகளும் பெற்றனர். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. 2011இல் 89க்கு 76 என்று இடைவெளி நன்கு குறைந்தது. 2012இல் 93க்கு 49 என மீண்டும் விரிந்தது.

இந்த மூன்றாம் ஆண்டைப் பார்த்து "43 வயதில் முற்றாக இறங்கிவிட்டார்" என்று எழுதுபவர் பிழை விடுகின்றார். அவ்வாண்டு சீனாவில் அவருடைய காரின் சில்லு சரியாகப் பொருத்தப்படாததால் அவர் இடையில் நிறுத்த நேர்ந்தது. கனடாவில் பின்சிறகின் மடல் திறந்தபடி இறுகிக்கொண்டது. மொனாக்கோவில் எரிபொருள் அமுக்கம் குறைந்தது. இவற்றுக்கும் அவருடைய வயதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதே மொனாக்கோவின் தகுதிகாண் சுற்றில் எல்லோரிலும் வேகமாக ஓடியவர் ஷூமாக்கரே! முந்திய போட்டியில் புரூனோ சென்னாவின் காருடன் மோதியதற்கான தண்டனையாக ஐந்து இடங்கள் பின்தள்ளப்பட்டதால் அவர் ஆறாவதாகவே புறப்பட்டார். ஒடுங்கிய வீதிகளைக் கொண்ட, கண்ணும் கையும் மிக நுட்பமாக இயங்க வேண்டிய அந்த ஓடுபாதையில், 43 வயதுக்காரர் இளைஞர் அனைவரையும் முந்தினார் என்பதை நினைவிற் கொள்க.

இனி உடலுக்கு என்ன நிகழ்கின்றது எனப் பார்ப்போம். தூண்டலைக் கண் என்னும் வாங்கி பெறுகின்றது. கணத்தாக்கம் மூளைக்குச் சென்று, அங்கிருந்து முண்ணாண் வழியாகக் காலின் தசை என்னும் விளைவுகாட்டியை அடைகின்றது. எளிய தூண்டல் ஒன்றுக்கு இதற்கு ஏறத்தாழ 0.2 செக்கன் எடுக்கும். இருபதுகளின் பின்னர் இந்நேரம் மிகச் சிறிது சிறிதாகவே கூடும். மூத்தவருக்கு அது 0.22 செக்கன் என வைத்துக்கொள்வோம். மணிக்கு 300 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 83 மீற்றர். 0.2 செக்கனில் கார் 16.6 மீற்றரும், 0.22 செக்கனில் 18.3 மீற்றரும் செல்லும். வேறுபாடு ஒன்றரை மீற்றருக்குச் சற்று அதிகம்.

வளைவொன்றில் இது பெரிய இழப்புத்தான். ஆனால் தேர்ந்த ஓட்டுநர் தூண்டல் வரும்வரை காத்திருப்பதில்லை. எந்த இடத்தில் பிரேக்கை மிதிப்பது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். புத்தளம் களப்பில் பழகிய படகோட்டி, நீருக்கடியில் திட்டு எங்கே இருக்கின்றது என்று கண்ணால் கண்ட பின்னரா படகைத் திருப்புகின்றார்? அனுபவம் ஈடுசெய்யும் இடம் இதுவே.

அனுபவத்தால் ஈடுசெய்ய முடியாதது கழுத்து. வேகமான வளைவுகளில் பக்கவாட்டு ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஐந்து மடங்கு வரை செல்லும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து 7 கிலோகிராம் எனக் கொண்டால், விசை = திணிவு × ஆர்முடுகல் = 7 × 50 = 350 நியூற்றன். அதாவது 35 கிலோகிராம் திணிவுள்ள ஒரு மூட்டையின் நிறைக்குச் சமமான விசையைக் கழுத்துத் தசைகள் ஒவ்வொரு வளைவிலும் தாங்க வேண்டும். ஷூமாக்கர் 2009இலேயே திரும்பி வர முயன்றார். காயமடைந்த பெலிப்பே மாஸாவுக்குப் பதிலாகப் பெராரியை ஓட்டவிருந்தார். அவ்வாண்டின் முற்பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் அவருடைய கழுத்துக் காயமுற்றிருந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். நாற்பது வயதளவில் கண்வில்லையின் மீள்தன்மை குறைவதால் கிட்டப் பொருளைத் தெளிவாகப் பார்ப்பது கடினமாகும். இதையே வெள்ளெழுத்து என்கிறோம். தூரப் பார்வை இதனால் கெடுவதில்லை.

என்னுடைய கருத்தில், ஷூமாக்கர் இழந்தவற்றுள் பெரியது உடற் தகைமை அன்று, பயிற்சியே. அவர் ஓய்விலிருந்த காலத்தில் காரே மாறிவிட்டது. 2008இல் சில்லுகள் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் மின்னணு உதவி தடைசெய்யப்பட்டது. 2009இல் தவாளிப்பு இல்லாத டயர்கள் மீண்டும் வந்தன. 2010இல் போட்டியின் நடுவே எரிபொருள் நிரப்புவது நிறுத்தப்பட்டது. 2011இல் பைரெல்லி டயர்கள் வந்தன. முன்னர் பெராரியில் அவர் தமது அணியின் சொந்த ஓடுபாதையில் விரும்பியவாறு ஓடிப் பழகினார். 2009 முதல் பருவத்தின் நடுவே செய்யும் பரீட்சார்த்த ஓட்டங்கள் தடைசெய்யப்பட்டன. பழக வேண்டிய விடயம் கூடியது, பழகும் நேரம் குறைந்தது. 2010இல் இருந்த பெரிய இடைவெளி 2011இல் சுருங்கியமைக்கும் இதுவே பொருத்தமான விளக்கமாகும். வயது மட்டும் காரணமெனில், அடுத்த ஆண்டு அவர் ரொஸ்பேர்க்கை நெருங்கியிருக்க முடியாது.

திரும்பி வந்து வென்றவரும் உண்டு. ஒஸ்திரியாவைச் சேர்ந்த நிக்கி லவுடா 1975, 1977 ஆகிய ஆண்டுகளில் சம்பியனானவர். இடையில் 1976 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஜேர்மனியில் அவருடைய கார் தீப்பற்றி முகமெல்லாம் எரிந்தது. 1979இல் போட்டிகளைக் கைவிட்டு, 1982இல் மக்லாரன் அணிக்கு வந்து, மூன்றாவது போட்டியிலேயே வென்றார். 1984இல் 35 வயதில் மூன்றாவது தடவையாகச் சம்பியனானார். அவருடைய அணித் தோழர் அலன் புரொஸ்ட், வயது 29. தகுதிகாண் சுற்றுகளில் புரொஸ்டே பெரும்பாலும் முன்னால் நின்றார். வெற்றிகளும் புரொஸ்டுக்கு ஏழு, லவுடாவுக்கு ஐந்து. ஆயினும் இறுதியில் லவுடா 72 புள்ளிகள், புரொஸ்ட் 71½ புள்ளிகள். அரைப் புள்ளி! மழையால் மொனாக்கோ போட்டி இடைநிறுத்தப்பட்டு, வென்ற புரொஸ்டுக்குப் பாதிப் புள்ளி மட்டுமே வழங்கப்பட்டதால் இந்த அரைப் புள்ளி உண்டானது. ஒரு சுற்றின் வேகத்தில் லவுடா இளையவருக்குப் பின்னால்தான் இருந்தார். ஆண்டு முழுவதும் புள்ளிகளைச் சேர்ப்பதில் பின்னால் இல்லை.

எனவே "வெல்வாரா?" என்பதற்கு முன் "எதில்?" என்று கேளுங்கள். ஒரு சுற்றிலா, ஒரு போட்டியிலா, ஓர் ஆண்டிலா? இம்மூன்றும் வேறுவேறான சார்ந்த மாறிகள். ஷூமாக்கர் ஒரு சுற்றில் வென்று காட்டினார். லவுடா ஓர் ஆண்டில் வென்றார்.

மேலே செய்த கணிப்பை நமது வீதிக்கும் பிரயோகிக்கலாம். வண்ணாத்திவில்லிலிருந்து எழுவன்குளம் செல்லும் வீதியில் அந்தி நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று மணிக்கு 60 கிலோமீற்றர் கதியில் செல்கின்றது என்க. இது செக்கனுக்கு 16.7 மீற்றர். காட்டோரத்தில் யானை வெளிப்படுகின்றது. ஓட்டுபவர் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. ஆகவே அவருக்கு 0.2 செக்கன் போதாது, 1 செக்கன் எனக் கொள்க. பிரேக்கை அழுத்தும் முன்னரே 16.7 மீற்றர் கடந்துவிடும். பின்னர் செக்கனுக்குச் செக்கன் 7 மீற்றர் என்னும் அமர்முடுகலுடன் நிற்க 2.4 செக்கன் எடுக்கும். வேக-நேர வரைபில் முக்கோணியின் பரப்பளவு ½ × 2.4 × 16.7, அதாவது ஏறத்தாழ 20 மீற்றர். மொத்தம் ஏறத்தாழ 37 மீற்றர்.

பயிற்சி: இதே வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றர் கதியில் செல்பவருக்கு, தூண்டற்பேற்று நேரமும் அமர்முடுகலும் மாறாதிருப்பின், நிற்பதற்குத் தேவையான மொத்தத் தூரத்தைக் காண்க. கதி ஒன்றரை மடங்காகும்போது பிரேக் பிடித்த பின்னர் செல்லும் தூரம் ஏன் இரண்டு மடங்கையும் தாண்டுகின்றது என்பதை வரைபின் உதவியுடன் விளக்குக.