"வயதாயிற்று" என்பதா மருந்து?



மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றியுள்ள கரும்புக் கொல்லைகளில் தோகை உரிக்கும் தாய்மாரை நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களில் நாற்பத்தைந்தைக் கடந்த ஒருத்தி, நடுநிசியில் திடுக்கென்று எழுந்து உட்காருகிறாள். உடம்பெல்லாம் அனல்! மார்கழிக் குளிரிலும் முந்தானை நனைகிறது. நெஞ்சு படபடக்கிறது. விடிந்ததும் பெற்ற பிள்ளைமீதே எரிந்து விழுகிறாள். பிறகு தனியே அழுகிறாள். "வயதாயிற்று" என்கிறார்கள் வீட்டார். "நாங்களெல்லாம் தாங்கவில்லையா?" என்கிறாள் மாமியார். கூலி உயர்வுக்குக் குரல் கொடுக்கும் நாமோ, புரண்டு படுத்துக் கொள்கிறோம்!

இது நோயுமல்ல, பேயுமல்ல. சினைப்பை ஓய்வு பெறுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. 12 மாதம் தொடர்ந்து விலக்கு வராவிட்டால் நின்றுவிட்டது என்று பொருள். நம் நாட்டுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 46, 47 வயதில் நேருகிறது. எலும்பு மெலிவதும் அப்போதுதான் விரைவு பெறுகிறது. நோயல்ல என்பதால் வைத்தியமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அனலைத் தணிக்க மருந்துண்டு. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு இருந்ததா என்று விசாரித்தே மருத்துவர் அதைத் தருவார்.

ஆனால், கேட்பாரற்ற பெண்ணுக்குக் கிடைப்பது என்ன? மராட்டியத்துப் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே கணவனும் மனைவியும் ஜோடியாகக் கரும்பு வெட்டப் போகிறார்கள். ஒருநாள் படுத்தால் கூலி பிடித்தம்! 2019-ல் அரசுக் குழு விசாரித்தபோது, 82,000-க்கு மேற்பட்ட பெண்களில் 13,000-க்கு மேற்பட்டோர் கருப்பையை எடுத்துவிட்டவர்கள் என்று தெரிந்தது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால், முப்பது வயதிலேயே ஐம்பதின் அனல் வந்து சேரும். தேவையற்ற இந்த அறுவையைத் தடுக்கும் நெறிமுறைகளை 3 மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது.

"பிள்ளை பெற்றாயிற்று, எடுத்துவிடலாம்" என்ற பேச்சு நம் கரும்புச் சீமைக்கும் புதிதல்ல. யாராவது அப்படிச் சொன்னால், வேறு வழி என்ன என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். ஓராண்டு நின்றபின் மறுபடி உதிரம் கண்டாலோ, ஒருநாளும் தாமதிக்கக் கூடாது, புற்றுநோயாகவும் இருக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தது. அந்த வாசலில் இந்தக் கேள்வியும் கேட்கப்பட வேண்டும் என்று கிளைக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள்.

அதுவரை, பண்ருட்டியிலும் கடலூரிலும் அரசு மருத்துவமனை உண்டு. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே உண்டு. கடைசியாக விலக்கு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, சீட்டு வாங்கும் வரிசையில் அவளோடு நீங்களும் நில்லுங்கள்.