இயர்போன் வேண்டாம்... மனசுக்குள் தாளம் போதும்! செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் ஓர் இசை ஓட்டம்

செஞ்சியில் காலை ஓட்டத்துக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கண்ணுக்கு அழகான பாதை, திருவண்ணாமலை சாலைதான். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மறுபக்கம் சுமார் 800 அடி உயரத்தில் ராஜகிரி. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

ஆனால், பஸ்களும் லாரிகளும் விரைவதும் இதே சாலையில்தான். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓடினால், பின்னால் வரும் ஹார்ன் சத்தம் கேட்காமலே போகலாம். அது உயிருக்கே ஆபத்து.

'பாட்டு இல்லாம ஓடினா போர் அடிக்குமே' என்கிறீர்களா? கொஞ்சம் கர்னாடக சங்கீதம் தெரிந்தால் போதும், இயர்போனே தேவையில்லை.

ஆதி தாளத்துக்கு 16 அடி

தாளம் ஓட்டத்துக்குக் கைகொடுக்கும் என்பது புதிதல்ல. எத்தியோப்பிய வீரர் ஹெய்லி கெப்ரசெலாசி, 1998-ல் 2,000 மீட்டர் உள்ளரங்க ஓட்டத்தில் உலக சாதனை படைத்தபோது, அரங்கில் ஒலித்த 'ஸ்காட்மேன்' பாடலின் தாளத்துக்கு ஏற்பவே ஓடினார்.

நம் ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு அடி வைத்தால், ஓர் ஆவர்த்தனத்துக்கு 16 அடி. நிமிடத்துக்கு 10 ஆவர்த்தனம் வந்தால் 160 அடி. நிதானமான ஓட்டத்துக்கு இது நல்ல கணக்கு. வாட்சைப் பார்க்காமலே வேகம் சீராக இருக்கும்.

மூச்சுக்குக் கண்ட சாபு

மனிதர்கள் ஓடும்போது மூச்சும் காலடியும் ஒரு கணக்கில் இணைந்துகொள்கின்றன என்பதை, 1983-ல் பிராம்பிள், கேரியர் என்ற ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

கண்ட சாபுவை இதற்குப் பயன்படுத்தலாம். 'தக' என்னும் 2 அடிகளில் மூச்சை விட்டு, 'தகிட' என்னும் 3 அடிகளில் இழுக்க வேண்டும். மொத்தம் 5 என்பது ஒற்றைப்படை. அதனால் மூச்சை விடத் தொடங்கும்போது ஒருமுறை இடது கால் தரையில் படும், மறுமுறை வலது கால் படும். எப்போதும் ஒரே பக்கம் அழுத்தம் விழாமல் இருக்க இது உதவும் என்பது சில ஓட்டப் பயிற்சியாளர்களின் கருத்து.

பூபாளம் பாடிப் பாருங்கள்

விடியற்காலைக்கு உரிய ராகம் பூபாளம். ச, ரி, க, ப, த என ஐந்தே ஸ்வரங்கள். ஓடிக்கொண்டே இதைப் பாட முடிகிறதா? அப்படியென்றால் வேகம் போதவில்லை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால், அதுதான் மிதமான உடற்பயிற்சி. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடங்களாவது இந்த அளவு உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால், காலப்பிரமாணத்தைக் குறையுங்கள்.

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். தாளம் மனசுக்குள் ஓடட்டும். காது சாலைக்குத் திறந்தே இருக்கட்டும்!