நிலைநிதியும் உக்கிராணத்துவமும்: கமேஹமேஹாப் பள்ளிகள் தரும் பாடம்

கல்வி நிலையங்களுக்கு வரும் கொடைகள் இரு வகைப்படும். வந்த ஆண்டிலேயே செலவாகும் கொடை ஒன்று. முதல் தொடப்படாமல், அதன் வருவாய் மட்டும் ஆண்டுதோறும் செலவிடப்படும் கொடை மற்றொன்று. பின்னதையே நிலைநிதி என்கிறோம். முன்னது இன்றைய மாணவனுக்கு உதவுகிறது. பின்னது இன்னும் பிறவாத மாணவனையும் கருத்திற் கொள்கிறது. அரசு நல்கையைச் சாராத தனிப்பள்ளி கட்டணம் ஒன்றையே நம்பி நடக்குமாயின், அது கட்டணம் செலுத்த வல்லாரின் பள்ளியாகவே முடியும். ஏழை மாணவருக்கு அதன் கதவைத் திறந்து வைப்பது நிலைநிதியே. ஆயினும், நிதி பெருகுவதனால் மட்டும் அறம் நிலைத்துவிடுவதில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஹவாய்த் தீவுகளிலுள்ள கமேஹமேஹாப் பள்ளிகளின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

1. ஓர் இளவரசியின் உயில்

யாழ்ப்பாணத்திற்கு 1816இலும் மதுரைக்கு 1834இலும் அருட்பணியாளரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு சங்கமே 1820இல் ஹவாய்க்கும் ஆட்களை அனுப்பியது. அவர்கள் நடத்திய அரச குலப் பிள்ளைகளின் பள்ளியில் பயின்றவர் பெர்னிஸ் பௌவாஹி பிஷப் (1831-1884). இவர் முதலாம் கமேஹமேஹா மன்னரின் கொள்ளுப்பேத்தி. 1872இல் தமக்கு அளிக்கப்படவிருந்த அரியணையை இவர் ஏற்க மறுத்தார். உறவினராகிய இளவரசி ரூத் 1883இல் மறைந்தபோது, அவருடைய பெரு நிலங்கள் இவரை வந்தடைந்தன. இவ்வாறு இவர் விட்டுச்சென்ற நிலம் ஏறத்தாழ 3,75,000 ஏக்கர். அத்தீவுகளின் பரப்பில் சுமார் ஒன்பது விழுக்காடு.

அக்காலத்தில் ஹவாய் மக்கள் அந்நியர் கொணர்ந்த நோய்களால் மடிந்து, ஐம்பதாயிரத்திற்கும் குறைவாகச் சுருங்கியிருந்தனர். நிலம் இருந்தது, அதனை ஆளவேண்டிய மக்கள் மறைந்துகொண்டிருந்தனர். இந்நிலையில், 1883இல் எழுதிய உயிலில் பௌவாஹி தம் சொத்தின் பெரும்பகுதியை ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரு பள்ளிகளுக்கு ஒதுக்கினார். ஐந்து அறங்காவலர்களை நியமித்தார். பள்ளிகளின் நலனுக்குத் தேவையானாலன்றி நிலத்தை விற்கலாகாது என்றார். ஆண்டு வருவாயில் ஒரு பகுதி அநாதைகளுக்கும் வறியோருக்கும் செல்லவேண்டும், அதில் ஹவாய்க் குருதியுடையோருக்கு முன்னுரிமை வேண்டும் என்றார். ஆண்டுக் கணக்கை உயர்நீதித் தலைவருக்குச் சமர்ப்பிப்பதுடன் செய்தித்தாளிலும் வெளியிடவேண்டும் என்ற விதி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஆண்கள் பள்ளி 1887இலும் பெண்கள் பள்ளி 1894இலும் திறக்கப்பட்டன. தொடக்கக் கட்டடங்களுக்கு அவருடைய கணவர் சார்லஸ் ரீட் பிஷப் தம் சொந்தப் பணத்தையும் ஈந்தார்.

2. நிலைநிதி இயங்கும் முறை

நிலைநிதியின் வருவாய் முழுவதையும் செலவிடலாம் என்று எண்ணுவது பொதுவான தவறு. எடுத்துக்காட்டாக, ஓர் இலட்ச ரூபாய் முதல் ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டி தருவதாகவும், விலைவாசி ஐந்து விழுக்காடு ஏறுவதாகவும் கொள்வோம். வட்டி 8,000 ரூபாய் முழுவதையும் ஒரு மாணவனுக்கு அளித்தால், முதல் எண்ணிக்கையில் குறையாது. ஆனால் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளில் விலைகள் இரட்டிப்பாகும். அன்றைய மாணவனுக்கு அதே 8,000 ரூபாய் பாதிப் பொருளையே வாங்கித் தரும். எனவே 5,000 ரூபாயை முதலோடு சேர்த்து, 3,000 ரூபாயை மட்டும் செலவிடுவதே நிதியின் உண்மை மதிப்பைக் காக்கும். நம் சபைகளில் முன்னோர் பெயரால் நிறுவப்பட்ட பரிசு நிதிகள் பல, இன்று ஒரு புத்தகம் வாங்கவும் போதாதனவாய் இருப்பதன் காரணம் இதுவே.

பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் நிதி மதிப்பில் நான்கு அல்லது ஐந்து விழுக்காட்டைச் செலவிடுவது வழக்கம். அம்மதிப்பையும் ஓர் ஆண்டைக் கொண்டு கணிக்காமல், பல ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு கணிப்பர். சந்தை வீழ்ந்த ஆண்டில் மாணவரின் உதவித்தொகை திடீரெனக் குறையாதிருக்க இது துணைபுரிகிறது.

கமேஹமேஹாவில் நிலைநிதி நெடுங்காலம் நிலமாகவே இருந்தது; குத்தகைப் பணமே வருவாய். ஹவாய் அரசின் 1967ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1984இல் உறுதி செய்தபின், குத்தகைக் குடியிருப்பு மனைகள் பல குடியிருப்போருக்கே விற்கப்பட்டன. நிலம் பணமாயிற்று. இன்று நிதியின் மதிப்பு ஆயிரம் கோடி டாலருக்கும் மிகுதி. மூன்று தீவுகளில் பள்ளி வளாகங்கள் உள்ளன. மாணவர் செலுத்தும் கட்டணம் அவர்தம் கல்விச் செலவில் சிறு பகுதியே. வறியோருக்கு அதிலும் உதவி உண்டு.

3. நம்பிக்கை முறிந்த காலம்

1990களில் அறங்காவலர் ஒவ்வொருவரும் சில ஆண்டுகளில் எட்டு இலட்சம் டாலருக்கும் மேலாக ஊதியம் பெற்றனர். அதே காலத்தில், 1995இல், வளாகத்திற்கு வெளியே உள்ள ஹவாய்ப் பிள்ளைகளுக்கான பணிகள் பல நிறுத்தப்பட்டன. 1997 மே மாதம் முன்னாள் மாணவரும் பிறரும் ஊர்வலமாகச் சென்று முறையிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில், முறிந்த நம்பிக்கை என்று பொருள்படும் தலைப்பில் ஐவர் எழுதிய கட்டுரை ஹொனலூலு நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. அவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குரு. வரிவிலக்கு நீக்கப்படும் ஆபத்தும் நேர்ந்தது. 1999இல் அறங்காவலர் ஐவரும் நீக்கப்பட்டோ விலகியோ பதவியிழந்தனர்.

நிதி குறைந்ததனால் இத்துன்பம் நேரவில்லை என்பதை நாம் கருதவேண்டும். காப்பவர், யாருக்காகக் காக்கிறோம் என்பதை மறந்தனர். உரிமையாளனின் பொருளை உண்மையற்ற உக்கிராணக்காரன் சிதறடித்ததாக லூக்கா பதினாறாம் அதிகாரம் கூறும் உவமை, இங்கு உவமையாக நிற்கவில்லை. தாலந்தைப் புதைத்தவனுடைய குற்றம் வேறு. அதனைப் பெருக்கித் தன் பங்கை மிகுத்துக்கொண்டவனுடைய குற்றம் வேறு. முதலாமவனைக் கண்டிக்க நாம் தயங்குவதில்லை. இரண்டாமவனோ பெரும்பாலும் திறமைசாலி எனப் பாராட்டப்படுகிறான்.

4. கொடையாளியின் நிபந்தனை

ஆசிரியர்கள் என்றும் புரொட்டஸ்டண்டு சமயத்தினராகவே இருக்கவேண்டும் என்றும் உயில் விதித்திருந்தது. இது சட்டத்திற்கு முரணானது என 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஹவாய் மாணவருக்கான முன்னுரிமையை 2006இல் அதே நீதிமன்றம் எட்டுக்கு ஏழு என்னும் வாக்குகளால் நிலைநிறுத்தியது. அவ்வழக்கு 2007இல் சமரசத்தில் முடிந்தது. கொடையாளி இறந்தபின்னும் அவர் சொல் வாழ்கிறது. ஆனால் அது மாறிய காலத்தில் வாழ்கிறது. எனவே நிதி நிறுவுவோர், சிறு நிபந்தனைகளால் அதனை இறுகக் கட்டாமல், நோக்கத்தைத் தெளிவாக எழுதிவைத்தல் நலம்.

நம் கல்லூரிகளிலும் பேராயங்களிலும் உதவி நிதிகள் பல உள்ளன. ஆயராகவோ, குழு உறுப்பினராகவோ அவற்றைக் காக்கும் பொறுப்பு இவ்விதழின் வாசகர் பலருக்கு வரக்கூடும். அப்போது கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு: முதலின் உண்மை மதிப்பு காக்கப்படுகிறதா? வருவாய் உண்மையாகவே வறிய மாணவரைச் சேர்கிறதா? காப்போர் தமக்கென எடுப்பது எவ்வளவு? கணக்கு சபையார் அறிய வெளியிடப்படுகிறதா? இவற்றுள் இறுதி வினாவை வழுவாது கேட்டால், முதல் மூன்றுக்கும் விடை காண்பது எளிதாகும். பௌவாஹி தம் உயிலில் செய்தித்தாளைக் குறிப்பிட்டதன் நோக்கமும் இதுவே எனலாம்.