வலி என்னும் காவலன்

மேல்கோட்டையில் தறியின் முன் அமர்ந்து வேட்டி நெய்பவருக்கும், வங்கியில் பணம் எண்ணும் காசாளருக்கும், இல்லத்தில் மாவு பிசைபவருக்கும் முதல் மூலதனம் கைகளே. மணிக்கட்டையும் சேர்த்து ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை மடக்கும் வலிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் கயிறுகளைப் போல மணிக்கட்டைக் கடந்து விரல்களை அடைகின்றன. இத்துணை நுட்பமான உறுப்பில் வலி தோன்றினால், தைலம் தடவி மறந்துவிடுவதே நம்மில் பலரின் வழக்கம்.

அவ்வலியின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர், 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அவர், செங்கல்பட்டில் தொழுநோயாளிகளைக் காணச் சென்றார். விரல்கள் முடங்கிய ஒருவரைத் தம் கையைப் பற்றச் சொன்னபோது, அப்பிடியின் வலிமை அவரைத் திகைக்க வைத்தது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தாலும் முன்கைத் தசைகள் நலமாகவே இருந்தன. நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, முடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1948 முதல் அவர் வேலூரில் மேற்கொண்டார்.

நிமிர்ந்த கைகளிலும் புண்கள் தோன்றிக்கொண்டே இருந்தன. விரல்கள் அழுகுவது நோயின் இயல்பு என்றே அந்நாளில் பலரும் நம்பினர். உண்மைக் காரணம் வேறு. உணர்விழந்த கை, சுடும் பாத்திரத்தையும் உரசும் கருவிப் பிடியையும் அறியாமல் பற்றிக் காயமுற்றது. வேலை செய்து பிழைக்க வழிகாட்டும்பொருட்டுத் தொடங்கப்பெற்ற நவஜீவ நிலையத்தில் அவர்கள் தச்சுவேலை பழகினர். நாள்தோறும் கைகளைச் சோதித்துப் பார்க்கவும் கற்றனர். வலி செய்யவேண்டிய காவலைக் கண்கள் ஏற்றன. நீண்டகால நீரிழிவால் உணர்வு மங்கியவர்களுக்கும் இப்பழக்கம் இன்றியமையாதது.

உணர்வு உள்ள நமக்கோ வலி முன்கூட்டியே செய்தி சொல்கிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய், கையை உதறினால் தேறுகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது காரணமாகலாம். நீரிழிவு, தைராய்டு குறைபாடு உடையோரிடமும் கருவுற்ற மகளிரிடமும் இது மிகுதி. தொடக்கத்தில் இரவில் அணியும் மணிக்கட்டுப் பட்டையே பலருக்குப் போதும். ஆண்டுக்கணக்கில் புறக்கணித்தால் கட்டைவிரல் அடிச்சதை மெலிந்து, பிடி தளரும். அதன்பின் அறுவை செய்தாலும் இழந்த வலிமை முழுதும் திரும்புவது அரிது. கைக்குழந்தையைத் தூக்கும்போதோ கைப்பேசியை நெடுநேரம் இயக்கிய பின்னோ மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வலித்தால், அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கக்கூடும். ஓய்வே அதற்கு முதல் மருந்து.

கையை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரலின் அடிக்குழியில் வலி இருந்தால், ‘வெறும் சுளுக்கு’ என்று எண்ணி உருவிவிடலாகாது. அங்குள்ள சிறு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஆகவே வலி நீடித்தால் சுமார் இரு வாரங்களில் மீண்டும் படம் எடுப்பது நன்று. கை வீங்கினால் மோதிரம், வளையல்களை உடனே கழற்றுக. கட்டுப் போட்டபின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ தாமதமின்றி மருத்துவரிடம் செல்க.

இயந்திரத்தில் விரல் துண்டானால், காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்கவேண்டும். துண்டான விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, அவ்வுறையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து எடுத்துச் செல்லவேண்டும். விரல் பனிக்கட்டியை நேரே தொடலாகாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, கோவை கங்கா மருத்துவமனை ஆகியவற்றில் கை அறுவைக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. அருகில் எங்கு இவ்வசதி உண்டு என்பதைத் தொழிற்கூடம் நடத்துவோர் இன்றே விசாரித்து, முகவரியைச் சுவரில் எழுதி வைப்பது நலம்.