ஆற்றுப் பாய்ச்சற் கணக்கும் அதன் வழுக்களும்

மன்னார்க் கட்டுக்கரைக் குளத்திற்கு அருவியாற்று நீர் தேக்கம் அணையிலிருந்து வருவதைக் கமக்காரர் அறிவர். ஆற்றிலே செக்கனுக்கு இத்தனை கனமீற்றர் பாய்கின்றது என்று கூறப்படுங்கால், அத்தொகை பெரும்பாலும் அன்று நேரே அளக்கப்பட்டதன்று. அளவுகோலில் வாசிக்கப்படுவது நீர்மட்டம் ஒன்றே. முன்னர்ப் பல நாட்களில் நீரோட்டத்தின் வேகத்தையும் ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பையும் அளந்து, எம்மட்டத்தில் எவ்வளவு நீர் பாயும் என்பதைக் காட்டும் வளைகோடு வரையப்பட்டிருக்கும். அவ்வளைகோட்டிலிருந்தே பாய்ச்சல் பெறப்படுகின்றது.

வழு இங்கேதான் புகுகின்றது. மணற்படுக்கை நிலையானதன்று. பெருவெள்ளம் மணலை அரித்தாலோ குவித்தாலோ, அதே மட்டத்தில் வேறளவு நீர் ஓடும். மீண்டும் அளந்து வளைகோட்டைத் திருத்தும்வரை கணக்குப் பிழைத்தே நிற்கும். மணல் அள்ளுவோரும் இவ்விடயத்தில் வெள்ளத்திற்குச் சளைத்தவரல்லர்.

கோடையில் நீர் 10 சதமமீற்றர் ஆழத்தில் ஓடும்போது, வாசிப்பில் ஒரு சதமமீற்றர் தவறினால் பாய்ச்சற் கணக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கு பிழைக்கும். 2 மீற்றர் ஆழத்தில் அதே தவறு நூற்றுக்கு ஒரு பங்கையும் எட்டாது. ஆயினும், பெருவெள்ளத்தின் நடுவே வேகத்தை அளத்தல் அரிது. ஆகவே வளைகோட்டின் மேற்பகுதி பெரும்பாலும் ஊகித்து நீட்டப்பட்டதே. குறித்த வேளைகளில் மட்டும் கோல் வாசிக்கப்படுமிடத்து, இரவில் ஏறி வடிந்த உச்சம் பதிவிலேயே இராது.

ஆதலால் சிறுபோகக் கூட்டத்தில் பாய்ச்சற்றொகை கூறப்பட்டால், அவ்விடத்தில் கடைசியாக வேகம் அளந்தது எப்போது, அதன்பின் வெள்ளம் வந்ததா என்று கேட்டறிதல் வேண்டும். விதைக்கும் ஏக்கரைக் குளத்தில் நிற்கும் நீரைக் கொண்டே தீர்மானித்தல் பத்திரமானது.