நோயாளரின் ஊட்டமும் உளநலமும்

நோயுற்றோரைச் சந்திப்பது திருப்பணியாளரின் தொன்றுதொட்ட கடமைகளுள் ஒன்று. படுக்கையருகே தொடப்படாத உணவுத் தட்டைக் காணும்போது, நோயாளர் விசுவாசத்தில் தளர்ந்துவிட்டார் என்று முடிவுசெய்வது எளிது. ஆனால் உள்ளச் சோர்வினால் உண்ணாதாரும் உளர். உண்ணாமையினால் உள்ளம் சோர்ந்தாரும் உளர். மருத்துவத்துறை இவ்விரு குறைகளையும் எவ்வாறு கண்டறிகிறது என்பதை இங்கு நோக்குவோம்.

1. பட்டினியும் உள்ளமும்

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45ஆம் ஆண்டுகளில் ஆன்சல் கீஸ் என்பார் ஓர் ஆய்வு நடத்தினார். மனச்சான்றின்பொருட்டுப் போர்ப்பணியை மறுத்த 36 பேர் அதற்குத் தம்மை மனமுவந்து அளித்தனர். குவேக்கர், மெனோனைட்டர் முதலான சமாதானச் சபையினர் அவருள் இருந்தனர். உடலும் உள்ளமும் நலமுற்றோரே தெரிந்தெடுக்கப்பட்டனர். எனினும், 24 வாரங்கள் அரைப்பட்டினியாயிருந்து எடையில் ஏறக்குறையக் காற்பங்கை இழந்தபோது, சோர்வும், எரிச்சலும், தனிமை நாட்டமும், உணவைப்பற்றிய ஓயாத எண்ணமும் அவர்களைப் பற்றிக்கொண்டன. ஊட்டக்குறைவே உளநிலையை மாற்றவல்லது என்பது இதனால் தெளிவாயிற்று.

2. ஊட்டத்தை மதிப்பிடல்

பிரிட்டனில் 2003இல் வெளியான 'மஸ்ட்' என்னும் முறை மூன்று செய்திகளைக் கேட்கிறது. முதலாவது, உயரத்திற்கேற்ற எடை உண்டா? இரண்டாவது, கடந்த 3 முதல் 6 மாதங்களில் முயலாமலே எடை குறைந்ததா? மூன்றாவது, கடும்நோயினால் 5 நாட்களுக்கு மேல் உணவு இல்லையா, அல்லது இல்லாமற்போகக்கூடுமா? மொத்த மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேலாயின் ஆபத்து மிகுதி. எடையிழப்பு 10 விழுக்காட்டைத் தாண்டினால் அது ஒன்றே 2 மதிப்பெண் பெறும். ஆகவே 80 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு இறங்கியவர், பார்வைக்குப் பருத்தவராயினும், ஆபத்தில் உள்ளவரே. கண்ணால் மட்டும் அளத்தல் போதாது.

3. உளநிலையை மதிப்பிடல்

'பி.எச்.க்யூ.–9' என்னும் வினாத்தாள் கடந்த இரு வாரங்களைப்பற்றி 9 வினாக்களை எழுப்புகிறது. மொத்தம் 27இல் 10 அல்லது அதற்கு மேற்பட்டால் மேலும் ஆராய்தல் வேண்டும். ஆயினும் பசியின்மை, உறக்கக்கேடு, களைப்பு ஆகியவையும் அவ்வினாக்களில் அடங்கும். இவற்றை உடல்நோயும் தரும் அன்றோ? இச்சிக்கலைக் கருதியே சிக்மண்ட், ஸ்நெய்த் என்னும் இருவர் 1983இல் மருத்துவமனை நோயாளருக்கென 14 வினாக்களை வகுத்தபோது, உடற்குறிகளைப் பெரும்பாலும் விலக்கினர். எவ்வினாத்தாளும் நோயை முடிவாக உறுதிசெய்யாது. ஆராய வேண்டியவரையே அது சுட்டும்.

4. நமது பங்கு

மதிப்பெண் இடுதல் நம் பணியன்று. கவனித்தலும் கேட்டலும் நம்முடையன. உடைகள் தளர்ந்தனவா? விழுங்க இயலவில்லையா? பல் வலிக்கிறதா? ஊட்டிவிட ஆளில்லையா? முன்பு விரும்பியவற்றில் இப்பொழுதும் விருப்பம் உண்டா? விடைகளை நோயாளரின் இசைவுடன் செவிலியருக்குத் தெரிவிப்போமாக. நெடுநாள் உண்ணாதவரை அன்பினால் மிகுதியாக உண்ணச்செய்தலும் தீங்காகலாம். இரத்தத்தில் பாஸ்பேட் திடீரெனக் குறைந்து இதயத்தைத் தாக்கக்கூடும். 'இறந்துவிட்டால் நலம்' என்று ஒருவர் கூறின், அதை மறைபொருளாகக் காவாமல், அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

உணவும் ஆறுதலும் ஒன்றற்கொன்று மாற்றல்ல. எது குறைவுபடுகிறது என்று கேட்டறிந்தபின் கூறும் ஆறுதலே நோயாளரைச் சென்றடையும்.