வாளியில் கொச்சிக்காய்: தண்ணீர் குறைந்த வளவுக்கு ஒரு வழி

ஊர் திரும்பியதும் நீங்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின் மட்டக்களப்பின் கரையோரத்தில் பல கிணறுகள் உவர்த்துப் போயின. வாவியை ஒட்டிய கிணறுகளும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் உவர்ப்பதுண்டு. நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்து வரும் வீட்டில் கொச்சிக்காய்க்கு எப்படி ஊற்றுவது? அதற்கு இரண்டு வாளி போதும். மணலில் ஊற்றும் தண்ணீர் இறங்கிப் போய்விடும். இதில் அடியில் தேங்கி நின்று, செடிக்கு வேண்டியபோது திரி வழியே மேலே ஏறும்.

ஒரே அளவான இரண்டு பெயின்ற் வாளிகளை நன்றாகக் கழுவி எடுங்கள். கிருமிநாசினி வந்த வாளி, எத்தனை தரம் கழுவினாலும், வேண்டாம். கீழ் வாளிக்குள் நான்கு விரல் உயரத்துக்குச் செங்கல் துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் மற்ற வாளியை இருத்துங்கள். மேல் வாளியின் அடியில் ஆணியைச் சுடவைத்துப் பத்துப் பன்னிரண்டு சிறு துளைகளும், நடுவில் திரிக்கு ஒரு பெரிய துளையும், ஓரத்தில் குழாய்க்கு ஒன்றும் போடுங்கள். பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்து முறுக்கினால் நல்ல திரி. நனைத்த பிறகே போடுங்கள். பாதி மண்ணுக்குள், பாதி தண்ணீருக்குள். குழாயின் அடிமுனையைச் சரிவாக வெட்டி, கீழ் வாளியின் அடிவரை இறக்குங்கள். கடைசியாக, கீழ் வாளியின் பக்கத்தில், மேல் வாளியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை. மிஞ்சும் தண்ணீர் அதனால் வெளியேறும். இதை விட்டால் மாரி மழையில் வேர் அழுகும்.

மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலவுங்கள். வாவியில் ஊறிய மட்டையின் தும்பில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். வாவிக்கரை மண்ணும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றியதாக உறுதி கிடைக்காத காணியில் ஒரு கூடை மண்ணுக்காகக்கூட மண்வெட்டி போட வேண்டாம். இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

நட்ட முதல் வாரம் மேலாலேயே ஊற்றுங்கள். பிறகு குழாயால் மட்டும். காய்க்கும் செடி கச்சான் வெயிலில் இரண்டு மூன்று நாளில் அடித்தண்ணீரைக் குடித்துவிடும். குழாய்க்குள் ஈர்க்கை விட்டுப் பார்த்தால் மட்டம் தெரியும்.

உவர்த் தண்ணீரை ஊற்றினால், செடி தண்ணீரைக் குடிக்கும், உப்பு மண்ணில் தங்கும். மேல்மண்ணில் வெள்ளையாகப் படிந்தாலோ இலைநுனி கருகினாலோ, மேல் வாளியைத் தூக்கி வெளியே வைத்து, மழைத் தண்ணீரை மேலாலே மெதுவாக ஊற்றிக் கழுவி வடியவிடுங்கள். கீழ் வாளியில் நின்றதையும் கொட்டிவிடுங்கள். போஞ்சி உப்பைத் தாங்காது. தக்காளி கொஞ்சம் தாங்கும்.

தகரக் கூரையில் வாளியை ஏற்ற வேண்டாம், சூட்டில் வேர் வெந்துவிடும். காலை வெயில் விழும் விறாந்தை நல்லது. தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் வீடு கட்டி முடிந்ததும் செடியோடு தூக்கிக்கொண்டு போகலாம். குழாய் வாயை மூடி, பக்கத் துளைக்கும் இரண்டு வாளிகளுக்கும் இடையிலுள்ள வெளிக்கும் நுளம்பு வலைத்துண்டு கட்டுங்கள். தேங்கிய தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும்.